தட்டு நடுங்காத காலை வேளைகள்

மத்தியானத்துக்குப் பிறகு அந்த மெஷினை ஒரு குறையும் சொல்ல முடியாது. சுவிட்சைப் போட்டதும் தகரத் தட்டு லேசாக முனகும். தட்டில் கொட்டிய தேயிலை, யாரும் தள்ளாமல், சரிவும் இல்லாமல், தானாக முன்னால் நடந்து போகும். தட்டின் விளிம்பில் ஒரே சீராக வழிந்து கீழே இருந்த சின்னத் தராசுக் கிண்ணத்தில் விழும். எடை சேர்ந்ததும் தட்டு நிற்கும், கிண்ணம் கவிழ்ந்து பாக்கெட்டில் கொட்டும், மறுபடி முனகும். முதன்முதல் அதைப் பார்த்தபோது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இல்லாவிட்டால் கைதட்டியிருப்பேன்.

காலையில் அதே மெஷின் ஒரு தரம் சிலிர்த்துவிட்டு நின்றுவிடும். பக்கத்தில் இருந்த மின்பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். அணைத்துப் போட்டால் மறுபடி சிலிர்ப்பு, மறுபடி சிவப்பு.

இது எண்பதுகளின் நடுவில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் நடந்தது. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தூளைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து அனுப்பத் தோட்டத்துக்கு ஓர் ஆர்டர் கிடைத்திருந்தது. அதற்காக ஜப்பானிலிருந்து வந்த மெஷின் அது. அதை வரவழைத்துக் கொடுத்தவர் பதுளையில் மின்சாமான் கடை வைத்திருந்த என் முதலாளி. இப்படியான வேலைகளைப் பார்த்த எங்கள் டெக்னீஷியன் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமாவை முடித்து, கடையில் ரேடியோ திறந்து மூடிக்கொண்டிருந்தவள்.

"இந்தா பாருங்க மகள்," என்றார் முதலாளி, திங்கட்கிழமை என்னை பஸ் ஏற்றிவிடும்போது. "சனிக்கிழமை நானும் வாறேன், தோட்டத்துத் தொரையும் வந்து பாப்பாரு. காலையில இருந்து நிக்காம ஓடினா மெஷின் அங்கேயே இருக்கும், இனிமே வெளி வேலை எல்லாம் உங்களுக்குத்தான். ஓடல்லண்டா மெஷின் கொழும்புக்குத் திரும்பிடும். நீங்க கவுண்டர்ல நில்லுங்க. பல்பு விக்கிறதும் வேலைதானே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கவுண்டரில் நிற்கும் என்னை அவர் ஏற்கெனவே மனதில் பார்த்துவிட்டார்.

மெஷினின் உள்விஷயம் எனக்குப் புதிது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், தொட்டதில்லை. தட்டைத் தாங்கும் உலோகப் பட்டைகளில் மெல்லிய பீங்கான் தகடுகள் ஒட்டியிருக்கும். பீசோ தகடுகள். அவற்றுக்கு உயர்ந்த வோல்ட்டேஜைக் கொடுத்தால் மயிரிழையிலும் குறைவாக வளையும். வோல்ட்டேஜை மாற்றி மாற்றிக் கொடுத்தால் வளைந்து வளைந்து நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் தேயிலை நடக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தத் தகடு மின்சாரத்தைச் சாப்பிடுவதில்லை என்பது. ஒரு கண்டென்சரைப் போல வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு மோட்டார் போலத் தொடர்ந்து இழுக்காது. ஆகவே அதை ஓட்டும் மின்பெட்டியும் சின்னதுதான். வோல்ட்டேஜ் அதிகம், கரண்டு கொஞ்சம். கொஞ்சத்துக்கு மேல் யாராவது கேட்டால் பெட்டி கதவைச் சாத்திவிட்டுச் சிவப்பு விளக்கைப் போடும்.

எனவே காலையில் யாரோ கேட்கிறார்கள். யார்?

எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் மூச்சு விட முடியும். பஸ்ஸிலேயே நான்கைப் பிரித்துக்கொண்டேன். ஒன்று, ஸ்டோருக்கு வரும் மெயின் கரண்டு. இரண்டு, மின்பெட்டி. மூன்று, பெட்டியிலிருந்து தட்டுக்குப் போகும் வயர். நான்கு, பீங்கான் தகடுகள். நான்கில் மூன்றைக் குற்றமற்றவை என்று விடுதலை செய்துவிட்டால் நான்காவதுதான் குற்றவாளி.

ஸ்டோரின் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு விசாரணையே தேவைப்படவில்லை. நரைத்த மீசையும் காதில் பென்சிலுமாக அவர் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"மிஸ்ஸு, இதுல பாக்குறதுக்கு என்னா இருக்கு? காலையில ரோலரைப் போடுறோம். பல்பெல்லாம் மங்குது. மங்குற கரண்டுல ஜப்பான் மெஷின் ஓடுமா? மத்தியானம் ரோலரு நின்னுடும். இது ஓடும். முடிஞ்சுது கதை."

அழகான விளக்கம். நேரமும் பொருந்தியது. வாடின கொழுந்தைச் சுருட்டும் அந்த ரோலர்கள் கிளம்பும்போது என் மீட்டரின் முள்ளும் தலை குனிந்தது. செவ்வாயும் புதனும் அந்த முள்ளின் முன்னால் உட்கார்ந்து போயின. முள் குனியும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. முள் நிமிர்ந்த பிறகும் எரிந்தது. அதுதான் என்னை உறுத்தியது. ரோலர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் வோல்ட்டேஜ் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது; மெஷின் மட்டும் மத்தியானம் வரைக்கும் வராது. இடையில் வயரையும் மாற்றிப் பார்த்தேன். புது வயரிலும் அதே சிலிர்ப்பு, அதே சிவப்பு.

பாக்கெட் மேசையில் மூன்று பெண்கள். அவர்களில் மூத்த அக்கா எனக்கு வந்த அன்றே பெயர் வைத்துவிட்டாள்.

"கரண்டு மிஸ்ஸு வந்தாச்சு. இன்னைக்கும் முள்ளைப் பாத்துட்டுத்தான் போவீங்களா, இல்ல நாங்க கரண்டியெடுக்கவா?"

"எடுங்க அக்கா. மத்தியானம் தர்றேன்."

"மத்தியானத்துக்கு மேல ஓடுற மெஷினுக்கு அரைப்பேருதான் போடுவாங்க, பெரட்டுல," என்றாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். பெரட்டு என்பது வேலை பிரித்துப் பேர் பதியும் இடம்; அரை நாள் மட்டும் வேலை செய்தவர்களுக்கு அரைக் கூலி, அதுதான் அரைப்பேர். கரண்டியால் அள்ளி எடை போடுவது அவர்களுக்கு மணிக்கட்டு வலி. மெஷின் ஓடினால் பாக்கெட்டை ஒட்டுவது மட்டும்தான் மிச்சம். அதனால் அந்தக் கேலியில் கொஞ்சம் அவசரமும் இருந்தது.

ரோலரைக் கொஞ்சம் தாமதமாகப் போட முடியுமா என்று டீமேக்கரிடம் கேட்டேன். தேயிலை செய்வது முழுவதும் அவர் பொறுப்பு. "கொழுந்து வாடிட்டா அது ஒங்களுக்காகக் காத்திருக்காது மிஸ்," என்று முதல் நாள் மறுத்தார். மறுநாளும் கேட்டேன். வியாழக்கிழமை, என் தொல்லை தாங்காமலோ என்னவோ, நான் பஸ்ஸில் வந்து இறங்கும்வரை ரோலர்களைப் போடாமல் வைத்திருந்தார்.

ஸ்டோர் முழுவதும் அமைதி. பல்புகள் பளிச்சென்று எரிந்தன. என் முள் அசையவில்லை. சுவிட்சைப் போட்டேன். சிலிர்ப்பு. சிவப்பு.

"அட," என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன். காதுப் பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

எனக்கு உள்ளே ஒன்று துள்ளியது. மெஷின் ஓடாததற்குச் சந்தோஷப்பட்டவள் அன்றைக்கு ஊவா மாகாணம் முழுவதிலும் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். முதலாவது விடுதலை.

கடையிலிருந்து ஃபேன் கண்டென்சர்களைக் கொண்டுவந்திருந்தேன். அவற்றைச் சேர்த்துக் கட்டி, பீங்கான் தகடுகள் எவ்வளவு மின்னேற்றத்தை வாங்குமோ ஏறக்குறைய அவ்வளவு வாங்கும் ஒரு போலித் தட்டைச் செய்திருந்தேன். தட்டுக்குப் போகும் வயர் முனையைக் கழற்றி அதை இந்தப் போலியில் மாட்டினேன். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. ரோலர்களையும் போடச் சொன்னேன். பல்பு மங்கியது, முள் குனிந்தது, பெட்டி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்கும் வயருக்கும் விடுதலை. மிச்சம் தட்டின் பக்கம்.

இதையெல்லாம் முடித்துத் திரும்ப மாட்டியபோது நேரம் ஏறிவிட்டது. தட்டு வழக்கம்போல நல்ல பிள்ளையாக ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. குற்றவாளியைப் பிடிக்கப் போன நேரத்தில் அவன் குளித்து வெள்ளை உடுத்தி நின்றால் எப்படி இருக்கும்?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. பீசோ தகட்டை வோல்ட்டேஜ் வளைக்கும். அதேபோல, நாம் வளைத்தால் அது வோல்ட்டேஜைக் கொடுக்கும். பிறகு எனக்கு மெயினும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டியில் அடையாளத்துக்கு எரியும் குட்டி நியான் பல்பு ஒன்று என் பையில் இருந்தது. பெட்டிக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, தட்டை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். நீளமாக ஒரு மூச்சு விட்டேன். பிறகு பல்பின் இரண்டு கம்பிகளையும் தகடுகளின் இணைப்பில் தொட்டேன். பளிச்சென்று ஓர் ஆரஞ்சுப் புள்ளி மின்னி மறைந்தது.

"வயரே இல்லியே," என்றாள் அக்கா, மேசையைவிட்டு எழுந்து வந்து.

"கைய வெச்சு அழுத்துங்க அக்கா."

அழுத்தினாள். தொட்டேன். மின்னியது. அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என் கையிலயா கரண்டு இருக்கு? எங்க வீட்டு மனுசன் அப்பவே சொன்னாரு," என்றாள். மற்ற இருவரும் வரிசையில் வந்து ஆளுக்கொரு தடவை அழுத்திப் பார்த்தார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் கடைசியாக, யாரும் பார்க்காததுபோல, அழுத்தினார்.

விளையாட்டுக்கு நடுவே நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் மூச்சு விடும் நேரத்துக்குத் தகடுகள் அந்த மின்னேற்றத்தைச் சிந்தாமல் வைத்திருக்கின்றன. எங்காவது கசிவு இருந்தால் அதற்குள் வடிந்துபோயிருக்கும், பல்பு மின்னாது. இப்போது மின்னுகிறது, இப்போது மெஷினும் ஓடுகிறது. காலையில் மின்னுமா?

காலையில் மடுல்சீமையில் என்ன இருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மிஸ்ட். மூடுபனிதான் அது. ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஆள் மாதிரி நிற்கும். தட்டுக்கு முன்புறம், கீழே, ஒரு சின்னக் கறுப்புக் கட்டை இருந்தது. அதில் இரண்டு பித்தளை ஸ்க்ரூக்கள். பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயர்களும் தகடுகளைச் சேரும் இடம். அதன் மூடி மடுல்சீமை ரோட்டில் லொறி குலுங்கியதில் உடைந்தே வந்து சேர்ந்தது. புது மூடி கொழும்பிலிருந்து வரவேண்டும். மூடி இல்லாத கட்டையில் மிஸ்ட் படிந்து ஈரமாகி, ஒரு ஸ்க்ரூவிலிருந்து மற்றதற்குக் கரண்டு கசிகிறது. ஸ்டோர் சூடேறியதும் காய்ந்துவிடுகிறது. எல்லாம் பொருந்தியது. ஒரு மூடி செய்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் பொருந்துகிறது என்பதற்காக நம்ப முடியாது என்று ரோலர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தது. கண்ணால் பார்க்க வேண்டும். பஸ் வந்து சேரும்போது காலை பாதி போய்விடும். எலக்ட்ரீஷியன் அண்ணனின் மனைவியிடம் அன்றைக்குத் தங்க இடம் கேட்டேன். ரொட்டியும் காரமான கட்டைச் சம்பலும் தந்து, பிள்ளைகள் பக்கத்தில் பாய் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஸ்டோருக்குள் போனேன். நான் விரும்பியபடி மிஸ்ட் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றால் தேயிலை காயவைக்கும் ட்ரையர் தெரியவில்லை. தட்டின் தகரத்தில் விரலால் எழுதலாம்போல ஈரம்.

தட்டை அழுத்தினேன். மூச்சு விட்டேன். தொட்டேன்.

மின்னியது.

மறுபடி செய்தேன். மறுபடி மின்னியது, சந்தோஷமாக. மிஸ்ட்டுக்கும் விடுதலை. மறுநாள் சனிக்கிழமை. கட்டைக்கு முன்னால் தரையிலேயே குந்திவிட்டேன். நான் சந்தேகப்பட்ட ஆட்கள் எல்லாம் தீர்ந்துபோய்விட்டார்கள். ஆனால் குற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கூடவே ஒரு குறுகுறுப்பு. அப்படியானால் நான் இதுவரை நினைத்தே பார்க்காத ஒன்று, இனிமேல், இந்த வாசலால் வரப்போகிறது.

வந்தது பாக்கெட் மேசை அக்கா. கையில் எவர்சில்வர் தட்டு, அதில் கற்பூரம், கரைத்த சந்தனம், திருநீறு, குங்குமம்.

"என்னா மிஸ்ஸு, ராத்திரி இங்கேயா படுத்தீங்க? கொஞ்சம் நவுருங்க."

நகர்ந்தேன். அவள் ரோலருக்கு, ட்ரையருக்கு, சல்லடைக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு எங்கள் மெஷினிடம் வந்தாள். குனிந்து, மூன்று விரலால் சந்தனத்தைத் தொட்டு, அந்தக் கறுப்புக் கட்டையில் இழுத்தாள். இந்த ஸ்க்ரூவிலிருந்து அந்த ஸ்க்ரூ வரைக்கும். அதன்மேல் திருநீறு. இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் நட்ட நடுவில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு தட்டை அழுத்தினேன், மூச்சு விட்டேன், தொட்டேன். பல்பு மின்னவில்லை. அழுத்தினேன், தொட்டேன். இல்லை.

நான் சிரித்த சிரிப்பில் அக்கா பயந்துவிட்டாள்.

அத்தனை நாளாக அந்தக் கட்டையை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். காய்ந்த சந்தனமும் குங்குமமும் அதில் இருந்தது எனக்குத் தெரியும், ஆனாலும் கண்ணில் படவே இல்லை. ஸ்டோரில் பொட்டு இல்லாத மெஷின் எது? ஹாலிஎலவில் எங்கள் வீட்டுத் தையல் மெஷினில் இருக்கிறது, நான் போகும் பஸ்ஸின் ஸ்டியரிங்கில் இருக்கிறது. ஜப்பான்காரன் ஒருவன் வந்திருந்தால் முதல் நாளே இது என்ன என்று கேட்டிருப்பான். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஈரச் சந்தனமும் திருநீறும் கரண்டுக்கு நல்ல பாதை. காயும்வரை பெட்டி அந்தப் பாதையில் வடிந்துகொண்டிருந்தது. காய்ந்து முடிய மத்தியானம் ஆகிவிடும். தினமும் நின்றது என்றால், தினமும் பொட்டு விழுந்திருக்க வேண்டும்.

"வெள்ளிக்கெழமதானே அக்கா பூசை? இதுக்கு மட்டும் ஏன் தெனமும்?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இது உசுருள்ளது மிஸ்ஸு. வந்த அன்னைக்கு நான் துணியால அழுத்தித் தொடைச்சேன். சுவிச்சு போடல, வயரே மாட்டல. இந்த ரெண்டு கண்ணுலயும் கை பட்டுச்சு, சுரீர்னு அடிச்சிருச்சு. அன்னையிலருந்து பொட்டு வெக்காம நான் தொடுறதே இல்ல."

அவள் அழுத்தித் துடைத்தபோது தகடுகள் வளைந்து, மின்னேற்றம் பிறந்து, அவள் விரல் வழியாக வடிந்திருக்கிறது. நேற்று அவள் கையே பல்பை எரித்ததே, அதுதான். சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள். ஆனால் பொட்டை அழிக்கலாமா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெச்ச பொட்ட அழிக்கச் சொல்றீங்களா? நல்லாத்தான் இருக்கு."

"இது இருந்தா ஓடாது அக்கா. நாளைக்கு ஓடலன்னா மெஷினும் போயிரும், நானும் போயிருவேன்."

"எங்க போவீங்க?"

"கடையில நின்னு பல்பு விக்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க வாய்க்கு ஒரு பல்பும் விக்காது," என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இதுக்கு மொகம் எங்க? மொகம் இல்லாம எங்க வெக்கிறது?"

அது நியாயமான தொழில்நுட்பக் கேள்வி. நான் மெஷினைச் சுற்றிவந்தேன். தேயிலை கொட்டும் வாய் மேலே இருந்தது. அகலமான தகரம், எர்த் வயர் பிடித்த உடம்பு. அதில் எவ்வளவு சந்தனம் பூசினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

"வாய் மேலதானே இருக்கு? வாய்க்கு மேலதானே நெத்தி?" என்றேன்.

"அப்ப இது?" என்று கட்டையைக் காட்டினாள்.

"அது முழங்கால்."

மற்ற இருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் சிரித்ததில் அக்காவும் சிரித்துவிட்டாள். "இத்தன நாளா முழங்காலுக்கா பொட்டு வெச்சேன்," என்றாள். என்னைத் துடைக்க விடவில்லை. முதலில் மேலே, தகரத்தில், பெரிதாக ஒரு பொட்டை வைத்தாள். பிறகுதான் கீழே இருந்ததைத் தானே எடுத்தாள். தண்ணீர் தொடக்கூடாது என்றேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் டிஸ்பென்சரிக்கு ஓடிப்போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தார். கட்டை கறுப்பாக, வாசனையாக வெளியே வந்தது. பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி ஒன்றை வெட்டி மூடியும் செய்தார்.

ரோலர்கள் கிளம்பின. பல்புகள் மங்கின. மிஸ்ட் ஜன்னலில் நின்றது. சுவிட்சைப் போட்டேன். தட்டு முனகியது. தேயிலை நடக்கத் தொடங்கியது. நடந்துகொண்டே இருந்தது. நான் இந்த முறை கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை துரை வந்து, விழும் தேயிலைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார்; எடுத்து முகர்ந்தார்; டீமேக்கரிடம் ஏதோ கேட்டார். காலைத் தேநீருக்கு எல்லோரும் போய்வந்த பிறகும் பச்சை விளக்குதான். முதலாளி சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார், அது எப்போது எரியும் என்று. கடைசியில் என்னிடம் வந்தார்.

"என்ன கோளாறு மகள்?"

"லீக்கேஜ், மொதலாளி. ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவுல."

"எதால?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கெட் மேசையிலிருந்து அக்கா சொன்னாள்: "முழங்கால்ல அழுக்கு, மொதலாளி. தொடைச்சாச்சு."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேன் நின்ற பக்கம் நடந்தார்.

திரும்பும்போது வேனில் முன் சீட்டில் இருந்தவர், மடுல்சீமை வளைவுகளில் ஆடிக்கொண்டே, பின்னால் திரும்பினார். "வெலிமடையில உருளைக்கெழங்கு ஸ்டோர் ஒண்டுல ஒரு மெஷின் இருக்கு. நீங்கதான் போகோணும். வெளி வேலைக்கு உங்களுக்கு என்னென்ன சாமான் வேணும், சொல்லுங்க."

"நல்ல மீட்டர் ஒண்ணு. ஸ்பிரிட் ஒரு போத்தல், பஞ்சு. நியான் பல்பு, ரெண்டு மூணு. கண்டென்சர், எல்லா அளவிலயும்," என்று தொடங்கினேன். பாதி வழியில் பசறை வந்தபோதும் நான் முடித்திருக்கவில்லை.